சேலத்துக் கடைவீதிகளில் வாடிக்கையாளரைக் கவனிக்கும் பழக்கம் ஏன் இப்படிக் குறைந்துவருகிறது?

கேள்வி: குகை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நான், சேலம் குகைப் பகுதியில் பிறந்து வளர்ந்து இன்றும் அங்கேயே குடியிருக்கிறேன். வீட்டுக்கு வேண்டியவற்றைத் தலைமுறையாக முதல் அக்ரகாரத்திலும் சின்னக்கடை வீதியிலும் செவ்வாய்ப்பேட்டையிலும்தான் வாங்கிவந்தோம். பத்துப் பதினைந்து ஆண்டுகளாக நான்கு ரோடு, ஐந்து ரோடு, ஓமலூர் சாலைப் பக்கம் வந்திருக்கும் பெரிய கடைகளுக்கும் போகிறோம். கடைகளின் பரப்பும் வெளிச்சமும் சரக்கு வகைகளும் கூடியிருக்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் உள்ளே வந்தவர் என்ன கேட்கிறார் என்று நின்று காது கொடுத்துக் கேட்பவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறார்கள்.

அண்மையில் ஒரு பெரிய கடையில் மிக்சி வாங்கினேன். முதல் முறை சட்னி அரைத்தபோதே சின்ன ஜாரின் அடியில், கத்தி பொருந்தும் இடத்திலிருந்து நீர் கசிந்து மோட்டாரின் மேல் இறங்கிவிட்டது. மறுநாள் காலையிலேயே ஜாரையும் பில்லையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். விற்ற தம்பி அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். "நாங்க விக்கறதோட சரிங்கம்மா, இதெல்லாம் கம்பெனிதான் பாக்கும், அட்டையில நம்பர் போட்டிருக்கு பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டார். அந்த எண்ணுக்கு அழைத்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று பதிவு செய்த குரல் பேசுகிறது. புகார் எண் மட்டும் கிடைத்தது. பழுது பார்ப்பவர் இன்னும் வரவில்லை. கசிவுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. என்ன கோளாறு என்று அந்த ஜாரைக் கையில் வாங்கிக் கவிழ்த்துப் பார்க்கக்கூட அந்தக் கடையில் ஒருவரும் முன்வரவில்லையே என்பதுதான் மனத்தை உறுத்துகிறது.

துணிக்கடையிலும் இதே நிலைதான். கருநீலப் பருத்திப் புடவை ஒன்றை எடுத்து, சாயம் போகுமா, தனியாகத் துவைக்க வேண்டுமா என்று கேட்டால், நிற்கும் பெண் அட்டையைத் திருப்பி விலையைச் சொல்கிறார். பில் போடும் இடத்தில் கைப்பேசி எண் கொடுத்தால்தான் ரசீது வரும் என்கிறார்கள். கொடுத்த நாளிலிருந்து ஆடித் தள்ளுபடி, தீபாவளிச் சலுகை என்று செய்திகள் வந்து குவிகின்றன.

இது எனக்கு மட்டும் நேர்வதா, உங்களுக்கும் இதே அனுபவம்தானா என்று அறிய விரும்புகிறேன். கடைகளில் பணியாற்றியவர்களும் கடை நடத்துபவர்களும் இந்தக் குழுவில் இருக்கிறார்கள். உள்ளே என்ன மாறியது என்பதை அவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். வாங்குபவர்கள் செய்யக்கூடியது எதுவும் உண்டா என்பதையும் தெரிந்தவர்கள் கூறுங்கள்.

பதில்: பழைய ஜவுளிக்காரர்

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். கடைவீதியில் ஜவுளிக்கடை ஒன்றில் பதினாறு வயதில் பையனாகச் சேர்ந்து, தலைமுடி நரைக்கும் வரை அங்கேயே வேலை பார்த்தவன் நான். நீங்கள் கேட்டதில் பாதிக்காவது என்னால் பதில் சொல்ல முடியும்.

அக்காலத்தில் கடைக்குள் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை இருக்கும். வந்தவர்கள் அதில் உட்காருவார்கள். நாங்களும் எதிரில் உட்கார்ந்துதான் சரக்கைப் பிரிப்போம். புதிதாகச் சேர்ந்த பையனுக்கு ஓராண்டுக்கு மேல் விற்கும் வேலையே கிடையாது. மடிப்பு, அடுக்கு, தண்ணீர், தேநீர், கட்டுப் பிரித்தல் ஆகியவை மட்டும்தான். அந்த ஓராண்டில் மூத்த சேல்ஸ்மேனின் பக்கத்தில் நின்று காதால் கற்றுக்கொள்ள வேண்டும். பட்டு நூலைக் கொளுத்தினால் தலைமுடி தீய்ந்த வாடை வரும், பாலியெஸ்டர் உருகிக் கட்டியாகும் என்பதை முதலாளியே ஒரு நாள் தீக்குச்சி உரசிக் காட்டினார். அசல் சரிகையை நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும் என்பதையும் அப்படித்தான் அறிந்தேன். சேலம் வெண்பட்டு வேட்டி கேட்டு வருபவர் மணமகனுக்காக எடுக்கிறாரா, சம்பந்திக்கு வைத்துக்கொடுக்க எடுக்கிறாரா என்று முதலில் விசாரித்துவிட்டு, அதற்கேற்ற கரையைத்தான் எடுத்து வைப்போம். இந்தச் சாயம் இரண்டு தண்ணீருக்கு விடும், உப்புப் போட்டு அலசுங்கள் என்று நாங்களே சொல்லித்தான் அனுப்புவோம். சொல்லாமல் விட்டால் அடுத்த வாரம் அவர் அதே புடவையோடு கல்லாவுக்கு முன்னால் வந்து நிற்பார் என்பது எங்களுக்குத் தெரியும். முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருப்பார். வந்தவர் முகம் வாடிப் போனால் அன்று மாலையே எங்களைக் கூப்பிட்டு விசாரிப்பார்.

மாற்றம் வந்தது மாடிகள் ஏறிய பிறகுதான். கடை மூன்று மாடி, நான்கு மாடி ஆனதும் முதலாளியின் கண்ணுக்கு எட்டாத தளங்கள் உருவாகிவிட்டன. சரக்கு எடுக்கும் வேலை தனிப் பிரிவுக்குப் போயிற்று. சூரத்திலிருந்து கட்டுக் கட்டாக வந்து, கிடங்கிலேயே பார்கோடு ஒட்டி, மாடிக்கு வரும்போது விற்பவருக்கு அந்தத் துணி எந்த ஊரில் எந்த நூலில் நெய்தது என்பதே தெரியாது. எங்கள் காலத்தில் சரக்கு எடுக்க முதலாளி போகும்போது மூத்த சேல்ஸ்மேன் ஒருவரையும் உடன் அழைத்துப் போவார். ஏன் அழைத்தார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது. எதை விற்றுத் தருவேன் என்று வாக்குக் கொடுத்து எடுத்துவந்தோமோ, அதற்கு நாங்களும் பொறுப்பாளி ஆகிவிடுகிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் கடைசியாக வேலை பார்த்த ஆண்டுகளில் நாள்பட்டுத் தேங்கிய சரக்கை விற்றால் பீசுக்கு இவ்வளவு என்று தனிக் காசு தரத் தொடங்கினார்கள். அதன் பிறகு வந்தவர் கேட்டதைக் காட்டுவதைவிடத் தள்ள வேண்டியதைக் காட்டுவதே எங்களுக்கு ஆதாயமாகிப் போயிற்று. அந்தப் பெண்ணுக்குச் சாயத்தைப் பற்றித் தெரியவில்லை என்றால் அவர்மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குக் கற்றுத்தர வேண்டிய மூத்தவர்களைக் கடைகள் சம்பளம் அதிகம் என்று முதலிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டன.

பதில்: ஓமலூர் மகள்

அம்மா, நான் இப்போது சேலத்தில் ஒரு பெரிய துணிக்கடையின் பெண்கள் ஆடைப் பிரிவில் வேலை செய்கிறேன். நீங்கள் சொன்ன "நிற்கும் பெண்" நானாகவும் இருந்திருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

மேலே ஐயா சொன்னது உண்மைதான். எங்களுக்கு யாரும் எதையும் கற்றுத்தருவதில்லை. சேர்ந்த முதல் நாள் எந்த அடுக்கில் எந்த அளவு இருக்கிறது என்று காட்டினார்கள். அன்று மாலையே வாடிக்கையாளர்கள் முன்னால் நிறுத்திவிட்டார்கள். சாயம் போகுமா என்று நீங்கள் கேட்டால், போகாது என்று வாய்க்கு வந்ததைச் சொல்ல எனக்கு மனம் இல்லை. தெரியாது என்று சொன்னால் மேற்பார்வையாளர் கோபித்துக்கொள்வார். அட்டையில் எழுதியிருப்பதைத்தான் நான் உறுதியாகச் சொல்ல முடியும். அட்டையில் இருப்பது விலை மட்டுமே.

காலை கடை திறப்பதற்கு முன்பே போய்விட வேண்டும். இரவு பிரித்துப் போட்டவற்றை எல்லாம் மடித்து வைத்த பிறகுதான் வீடு திரும்ப முடியும். கோட்டை மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழா தொடங்கிவிட்டால் தீபாவளி முடியும் வரை வார விடுப்பு என்பதே பேச்சுக்குத்தான். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று சொல்கிறது என்பதைத் தொழிற்சங்கத்தில் உள்ள அக்கா ஒருவர் எனக்குச் சொன்னார். அதே சட்டத்தில் 2021இல் 22-அ என்ற பிரிவைச் சேர்த்து, வேலைக்கு இடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கினார்கள். கேரளத்தில் 2018இலேயே இது வந்துவிட்டது. எங்கள் தளத்திலும் ஸ்டூல்கள் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். தூணுக்குப் பின்னால் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி இருக்கிறது. உட்காரக் கூடாது என்று எவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் உட்கார்ந்த பெண்ணைக் கேமராவில் பார்த்துவிட்டு, கீழிருந்து ஆள் அனுப்பி "உடம்பு சரியில்லையா, வீட்டுக்குப் போறியா" என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. மாலை ஏழு மணிக்கு மேல் குதிகாலிலிருந்து இடுப்பு வரை வலி ஏறும். அந்த நேரத்தில்தான் வேலை முடிந்து வருபவர்களின் கூட்டமும் வரும். என் முகத்தில் சிரிப்பு இல்லை என்றால் அதற்குக் காரணம் உங்கள் மேல் உள்ள அலட்சியம் இல்லை, அம்மா.

உங்கள் மிக்சி ஜாரைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தத் தம்பி ஜாரைக் கையில் வாங்காததற்கும் காரணம் இருக்கும். எங்கள் கடையில் பில் போட்ட சரக்கை நாங்கள் திரும்பக் கையில் வாங்கினால், அதை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும் என்று எச்சரித்திருக்கிறார்கள். மாற்றிக் கொடுக்கும் அதிகாரம் கீழ்த்தளத்தில் இருக்கும் மேலாளர் ஒருவருக்கு மட்டும்தான். அவரும் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்ட பிறகுதான் முடிவு சொல்வார். தையல் விட்டுப்போன சுடிதாரோடு வந்த ஒரு பாட்டியிடம், "இது எங்க தப்புதாங்க பாட்டி" என்று நான் சொன்னதற்கு அன்று எனக்கு எழுத்தில் விளக்கம் கேட்டார்கள்.

வாங்க வருபவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். காதில் போனை வைத்துக்கொண்டு, விரலை மட்டும் நீட்டி அதை எடு, இதை எடு என்பவர்கள் பலர். எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மடிப்பதும் என் வேலைதான். ஒரு முறை என் முகத்தைப் பார்த்துப் பேசினால் போதும்.

பதில்: செவ்வாய்ப்பேட்டை மளிகை

அனைவர் கருத்தையும் படித்தேன். வணிகர் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் அப்பா தொடங்கிய மளிகைக் கடையை நான் நடத்திவருகிறேன். லீ பஜாரில் மூட்டையாக எடுத்துச் சில்லறையில் விற்பதுதான் எங்கள் தொழில்.

கவனித்து விற்பதற்கு ஆளும் நேரமும் வேண்டும். எங்கள் கடைக்கு ஜவ்வரிசி கேட்டு வருபவரிடம் எதற்கு என்று கேட்காமல் நிறுக்கக் கூடாது என்று அப்பா சொல்வார். நைலான் ஜவ்வரிசி வெந்த பிறகும் மணி மணியாக நிற்கும். மாவு ஜவ்வரிசி குழைந்துவிடும். தெரியாமல் ஒன்றுக்குப் பதில் ஒன்றை வாங்கிப் போனால் விருந்தாளிக்கு முன்னால் அந்த வீட்டுப் பெண் தலைகுனிய வேண்டி வரும். ஜவ்வரிசி தயாராகும் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைக்கூடச் சொல்லாமல் விற்பது எனக்குக் கூச்சமாக இருக்கும். எங்களிடம் இருக்கும் இரண்டு பேரில் ஒருவர் அப்பா காலத்து ஆள். அவருக்கு ஒவ்வொரு வாடிக்கையாளர் வீட்டிலும் எத்தனை பேர், யாருக்குச் சர்க்கரை நோய் என்பது வரை தெரியும்.

ஆனால் நடப்பது என்ன? எங்கள் ஆளிடம் அரை மணி நேரம் விசாரித்துவிட்டு, கையில் உள்ள கைப்பேசியில் விலையைப் பார்த்து, கிலோவுக்கு மூன்று ரூபாய் குறைவாகக் கிடைக்கும் இடத்தில் ஆர்டர் போட்டுவிட்டுப் போகிறார்கள். பொட்டலச் சரக்கில் அதிகபட்ச சில்லறை விலை அச்சாகி வருகிறது. அதற்கு மேல் ஒரு பைசா வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. பெரிய நிறுவனங்கள் அதிலும் தள்ளுபடி தருகின்றன. வாடகை, மின்கட்டணம், தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை, ஆள் கூலி எல்லாம் போக எங்களுக்கு மிஞ்சுவது மிகக் குறைவு. இந்த நிலையில் பழைய ஆள் ஓய்வு பெற்றுப் போனால் அவர் இடத்தில் அதே மாதிரி ஒருவரை வைத்துப் பழக்க எந்த வணிகருக்குத் துணிவு வரும்? ஆசிரியை அம்மா கோபிக்கக் கூடாது. மிக்சியை நான்கு ரோட்டில் வாங்கியதாகச் சொல்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். கடைவீதியில் வழக்கமாக வாங்கும் பாத்திரக் கடையை விட்டுவிட்டு ஏன் அங்கே போனீர்கள்? விலைக்காக என்றால், அந்த விலைக்குள் ஜாரைக் கவிழ்த்துப் பார்க்கும் ஆளுக்கான கூலி இல்லை.

எங்கள் தரப்பிலும் சரி இல்லாத பழக்கங்கள் இருக்கின்றன. பில் கேட்டால் முகம் சுளிப்பவர்களும், சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுப்பவர்களும் எங்கள் தெருவிலேயே உண்டு. சங்கக் கூட்டங்களில் நான் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பதில்: அஸ்தம்பட்டி வழக்கறிஞர்

சட்டத்தில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 2(47)ஆம் பிரிவு, நேர்மையற்ற வணிக முறை எவை என்று வரையறுக்கிறது. விற்ற பொருளுக்கு ரசீது தராமல் இருப்பது அவற்றில் ஒன்று. குறைபாடுள்ள பொருளை, ரசீதில் குறிப்பிட்ட காலத்துக்குள்ளோ, காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் முப்பது நாளுக்குள்ளோ, திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது மற்றொன்று. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று ரசீதின் அடியில் அச்சிட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பல கடைகள் நினைக்கின்றன. குறைபாடுள்ள பொருளைப் பொறுத்தவரை அந்த வாசகம் கடைக்குக் கவசம் ஆகாது. அதே சமயம், நிறம் பிடிக்கவில்லை, வீட்டில் வேண்டாம் என்றார்கள் என்பதற்காகத் திரும்பக் கொடுப்பது வேறு. அது கடையின் விருப்பத்தைப் பொறுத்தது. புகார் சொல்பவர்கள் இந்த இரண்டையும் பெரும்பாலும் கலந்துவிடுகிறார்கள்.

ஆசிரியை அம்மாவின் ஜார் முதல் வகையில் வருகிறது. உற்பத்தி நிறுவனத்தைப் பாருங்கள் என்று கடை கைகழுவ முடியாது. புகாரில் விற்றவரையும் தயாரித்தவரையும் சேர்த்தே எதிர்த்தரப்பாகக் காட்டலாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். சிறிய தொகைக்கான பல புகார்கள் அந்த நிலையிலேயே தீர்ந்துவிடுகின்றன. தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை, குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம் என்பது 2019ஆம் ஆண்டுச் சட்டம் தந்த நல்ல வசதி.

கைப்பேசி எண்ணைத் தராவிட்டால் பில் போட மாட்டோம் என்பது தவறு. 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதைப் பற்றி வணிக அமைப்புகளுக்கு எழுத்தில் அறிவுறுத்தியிருக்கிறது. "எண் தர விருப்பமில்லை, பில் போடுங்கள்" என்று அமைதியாகச் சொல்லிவிட்டு நில்லுங்கள். பெரும்பாலான கணினிகளில் அந்தக் கட்டத்தை ஏதாவது ஒரு பொது எண்ணால் நிரப்பிவிட்டு மேலே செல்ல வழி இருக்கிறது. கவுண்டரில் இருப்பவருக்கும் அது தெரியும்.

ஓமலூர் சகோதரி எழுதியதைப் படித்து வருந்தினேன். 22-அ பிரிவு இருக்கையை வாங்கிப் போடுவதோடு முடிந்துவிடுவது இல்லை. உட்காரும் வாய்ப்பும் இருக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. தொழிலாளர் துறையின் உதவி ஆய்வாளரிடம் பெயர் குறிப்பிடாமலும் தகவல் தரலாம். வாடிக்கையாளர்களும் தரலாம்.

பதில்: நாகலூர்க்காரன்

நான் ஏற்காடு மலையில் நாகலூரில் இருப்பவன். துணிமணி, சாமான் எதுவானாலும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துக்குத்தான் வர வேண்டும். மாற்றித் தர மேலாளர் இல்லை, நாளை வாருங்கள் என்று ஒரு கடை சொன்னால் எங்களுக்கு அது ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் ஆகும். அந்த வகையில் ஆசிரியை அம்மாவின் வருத்தம் எனக்கும் உண்டு.

ஆனால் பழைய கடைகளைப் பற்றி இங்கே எழுதியிருப்பதை முழுவதுமாக ஏற்க என்னால் முடியவில்லை. அந்த வெள்ளை மெத்தையில் எல்லோரும் உட்கார்ந்துவிடவில்லை. நான் சிறுவனாக இருந்தபோது அம்மாவோடு கடைவீதிக்கு வருவேன். காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் மலைவாழ் பெண் என்பது அவர் கட்டியிருந்த புடவையிலேயே தெரிந்துவிடும். வாசல்படியை ஒட்டி நிற்க வைத்து, உட்கார்ந்திருப்பவர்களை எல்லாம் அனுப்பிய பிறகு, எவ்வளவு ரூபாயில் வேண்டும் என்று முதலில் கேட்பார்கள். அந்த விலைக்கு மேல் உள்ள எதையும் பிரித்துக் காட்ட மாட்டார்கள். நீலத்தில் வேறு இருக்கிறதா என்று அம்மா கேட்டால், இதுதான் இருக்கிறது, எடுத்தால் எடு என்பார்கள். எங்களை அங்கே யாரும் "நீங்க" என்று அழைத்ததில்லை. பெயரும் குடும்பமும் தெரிந்தவர்களுக்குத்தான் அந்தக் கவனிப்பு கிடைத்தது.

மாடிக் கடைகள் வந்த பிறகு அம்மா தாமாகவே உள்ளே போய், அடுக்கில் இருந்ததை எடுத்து, பார்டரைத் தடவிப் பார்த்து, விலையைப் படிக்கச் சொல்லி, வேண்டாம் என்று வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். ஒருவரும் தடுக்கவில்லை. பட்டுப் புடவைப் பிரிவில் விலை உயர்ந்த புடவை ஒன்றைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, வாங்காமலே இறங்கி வந்தார். அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அச்சிட்ட விலையும் எல்லோருக்கும் திறந்த அடுக்கும் எங்களைப் போன்றவர்களுக்குத் தந்ததைக் குறைவாக மதிப்பிட வேண்டாம். கேட்டால் விவரம் சொல்லும் ஆள் வேண்டும் என்பது நியாயம்தான். அந்த ஆள் எல்லோருக்கும் சொல்பவராக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஒன்று கூடுதலாக. கோடை விழா நாள்களில் எங்கள் ஒண்டிக்கடைப் பகுதியில் மிளகுக்கும் காப்பித்தூளுக்கும் சுற்றுலா வந்தவர்களிடம் ஒரு விலை, உள்ளூராரிடம் ஒரு விலை சொல்லும் வழக்கம் இருக்கிறது. அதையும் நான் குறையாகத்தான் பார்க்கிறேன்.

பதில்: பழைய ஜவுளிக்காரர்

நாகலூர்த் தம்பி எழுதியது அத்தனையும் உண்மை. வாசலில் நிற்பவர்களிடம் முதலில் தொகையைக் கேள் என்று எங்களுக்குச் சொல்லியே கொடுத்திருந்தார்கள். துணியைப் பற்றி அறிந்திருந்த அதே மூத்தவர்கள்தான் அதையும் கற்றுத்தந்தார்கள். உங்கள் தாயாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

பதில்: குகை ஆசிரியை

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. கேள்வியைப் பதிவிட்டபோது ஊழியர்களின் நடத்தையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஓமலூர் மகள் எழுதியதைப் படித்த பிறகு, எதிரில் நிற்பவருக்கு என்ன அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்பதுதான் முறை என்று படுகிறது. மகளே, உன் குதிகால் வலிக்கு மருத்துவரைப் பார்த்தாயா? தூணுக்குப் பின்னால் உள்ள ஸ்டூலைப் பற்றி வாங்க வருபவர்களாகிய நாங்கள் கேட்டால் உனக்குத் தொல்லை வருமா, வராதா என்பதை மட்டும் சொல். உன் பதில் வந்த பிறகுதான் அதில் இறங்குவேன்.

மளிகைக்கார ஐயாவுக்கு: எந்த இடத்துக் கடை என்பதை நான் எழுதவில்லை. ஆனால் விலைக்காகத்தான் போனேன் என்பது சரிதான். இருநூறு ரூபாய் குறைவாகக் கிடைத்தது. அதனால் கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தக் கடை வாங்கிய பணத்தில் உத்தரவாத அட்டைக்கும் விலை சேர்ந்திருக்கிறது. ஓய்வூதியத்தில் வாழ்பவர்களும் கூலி வேலைக்குப் போகிறவர்களும் விலை பார்க்காமல் வாங்க முடியாது. குறைந்த விலைக்கு வாங்குபவர் ஏமாறவும் தயாராக இருக்க வேண்டும் என்று ஆகிவிட்டால், நாகலூர்த் தம்பி சொன்ன வாசல்படி வேறு உருவில் திரும்பி வந்துவிடும்.

1915இல் இன்று காலை புகாரைப் பதிவு செய்துவிட்டேன். அதோடு கடை உரிமையாளருக்கு ஒரு கடிதமும் எழுதப்போகிறேன். ஜாரை மாற்றித் தருவது ஒன்று. ஒவ்வொரு தளத்திலும் பழுதான பொருளைக் கையில் வாங்கிப் பார்த்து, அங்கேயே முடிவு சொல்லும் அதிகாரம் பெற்ற ஒருவரை வைப்பது இரண்டு. இந்த இரண்டை மட்டும்தான் கேட்கப்போகிறேன். விற்ற தம்பியின் மேல் புகார் எதுவும் இல்லை என்பதையும் தெளிவாக எழுதிவிடுவேன். இரண்டாவது கோரிக்கையில் கையெழுத்திட விரும்புபவர்கள் சொல்லுங்கள். கடிதத்தில் சட்டப் பிரிவைக் குறிப்பிட வேண்டுமா, வேண்டாமா என்று வழக்கறிஞர் ஐயாதான் சொல்ல வேண்டும்.

பதில்: அஸ்தம்பட்டி வழக்கறிஞர்

குறிப்பிடுங்கள், ஆனால் கடைசிப் பத்தியில் ஒரு வரியில் போதும். வாங்கிய தேதி, பில் எண், ஜாரைக் கடைக்கு எடுத்துச் சென்ற தேதி, நிறுவனம் தந்த புகார் எண், 1915இல் கிடைத்த பதிவு எண் ஆகிய ஐந்தும் முதல் பத்தியிலேயே வர வேண்டும். பதில் தரப் பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள். பில்லின் நகலைத்தான் இணைக்க வேண்டும். அசலை எவரிடமும் கொடுத்துவிடாதீர்கள். வெப்பத்தாளில் அச்சான பில் சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும் என்பதால் இன்றே நகல் எடுத்துவிடுங்கள். ஜார் கசிவதைக் கைப்பேசியில் ஒரு முறை படம் பிடித்துக்கொள்ளுங்கள். கடிதத்தை ஒப்புகை கிடைக்கும் வகையில் அஞ்சலில் அனுப்புங்கள். இரண்டாவது கோரிக்கைக்கு என் கையெழுத்து உண்டு.

பதில்: ஓமலூர் மகள்

அம்மா, ஸ்டூலைப் பற்றித் தனியாக ஒருவர் கேட்டால் எந்தப் பெண் சொல்லிக் கொடுத்தாள் என்று தேடுவார்கள். பலர் வெவ்வேறு நாள்களில், வெவ்வேறு தளங்களில், பில் போடும் இடத்தில் உள்ள கருத்துப் புத்தகத்தில் எழுதினால் யாரையும் குறிப்பாகச் சந்தேகப்பட வழி இருக்காது. அந்தப் புத்தகத்தைக் கேட்டால் தருவார்கள். மேசைக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். மருத்துவரைப் பார்த்துவிட்டேன், மெத்தென்ற செருப்புப் போடச் சொன்னார், சீருடைக் காலணிக்குப் பதில் அதைப் போட அனுமதி கேட்டிருக்கிறேன்.